பிரிக்காத உறைகளும் பன்னிரண்டு சவரனும்

வாசகியின் கடிதம் (சுருக்கம்):

எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கையில் வரும் சம்பளம் 34,000 ரூபாய். கணவர் சொந்தமாகச் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறார்; செலவு போக மாதம் 18,000 முதல் 30,000 வரை நிற்கும். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 8. அம்மா எனக்குப் போட்ட நகையில் 12 சவரன் மூன்று ஆண்டுகளாக ஒரு தனியார் நிறுவனத்தில் அடகில் இருக்கிறது. நாத்தனார் மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்ய 7 சவரனை வைத்து 1,80,000 வாங்கினோம். வண்டியின் எஞ்சின் வேலைக்காக 5 சவரனை வைத்து 1,40,000 வாங்கினோம். வட்டி 18 சதவீதம். ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். கிரெடிட் கார்டில் 86,000 நிற்கிறது. அது கணவருக்குத் தெரியாது. பதிவு பெற்ற நிறுவனத்தில் 2 லட்சம் ரூபாய் ஏலச் சீட்டு, 40 மாதத்தில் 14 தவணை கட்டியாகிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. கணவர் பெயரில் இரண்டு காப்பீட்டு பாலிசிகள். இரண்டுக்கும் சேர்த்து ஆண்டு பிரீமியம் 42,000, காப்பீட்டுத் தொகை 6 லட்சம். அலுவலகக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கண்டுபிடித்துவிடுவேன். என் சொந்தக் கணக்கைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. கார்டு நிறுவனத்திலிருந்து வரும் உறைகளைப் பிரிக்காமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கடையை விற்ற பணத்தை அப்பா ஒரு நிதி நிறுவனத்தில் போட்டு மொத்தமாக இழந்தார். அம்மாவின் நகைகள் ஒவ்வொன்றாக விற்பனைக்குப் போயின. என் நகையை என்ன ஆனாலும் விற்க மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன். எல்லோரும் எஸ்.ஐ.பி. (மாதந்தோறும் மியூச்சுவல் ஃபண்டில் போடும் முதலீடு) போடச் சொல்கிறார்கள். மாதம் 2,000 ரூபாயில் தொடங்கலாமா?

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்திற்கு, அந்தக் கடனை அடைப்பதை விட அதிக வருவாய் தரும் முதலீடு எதுவும் சந்தையில் இல்லை. எஸ்.ஐ.பி. நல்ல ஏற்பாடுதான், உங்கள் வரிசையில் அதற்கு ஐந்தாவதோ ஆறாவதோ இடம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும் அந்த உறைகள்தான். கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் சொந்தக் கணக்கைத் திறக்க அஞ்சுவதை என் அனுபவத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே இதை உங்கள் தனிப்பட்ட குறை என்று எண்ண வேண்டாம். அலுவலகக் கணக்கில் இடிப்பது வெறும் எண். அதைத் தேடிக் கண்டுபிடித்தால் பாராட்டு கிடைக்கிறது. வீட்டுக் கணக்கைத் திறந்தாலோ, பத்து வயதில் நீங்கள் கேட்ட அழுகை திரும்பக் கேட்கிறது. 1990களில் தமிழகத்தில் 24 சதவீதம், 30 சதவீதம் என்று ஆசை காட்டி வைப்புத் தொகை வாங்கிய நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, உங்கள் தந்தையைப் போல எத்தனையோ பேர் வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். டான்பிட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-இல் கொண்டுவரப்பட்டதே அந்தச் சூழலில்தான். உங்கள் தந்தை ஏமாந்தவர், ஊதாரி அல்லர். ஆனால் பத்து வயதுப் பெண்ணுக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? பணத்தைப் பற்றிய பேச்சு வந்தாலே வீட்டில் ஏதோ ஒன்று போகப் போகிறது என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பெண்தான் இன்றும் உறைகளை ஒளித்து வைக்கிறாள்.

உங்கள் வீட்டில் கணக்கு எழுதும் பழக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உங்கள் தாயார் மொய் நோட்டு வைத்திருந்தாரா? கொங்கு நாட்டில் அது இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. எந்த ஊர், யார் வீட்டு விசேஷம், எவ்வளவு வந்தது, எவ்வளவு திருப்பிச் செய்தது என்று முப்பது ஆண்டுக் கணக்கு அதில் பிசகாமல் இருக்கும். அதைத் திறக்க யாரும் அஞ்சுவதில்லை. கைப்பேசிச் செயலி எதுவும் வேண்டாம். அதே போன்ற நீள நோட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் ஏறிய மறுநாள் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, அரை மணி நேரம் மட்டும் அதற்கு ஒதுக்குங்கள். முதல் நாள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: உறைகளைப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் உள்ள மொத்தப் பாக்கியை நோட்டில் எழுதுங்கள். அன்றைக்கு வேறு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்து நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணவரின் வருமானத்தைச் சற்றுத் தாழ்வாக, மாதம் 22,000 என்று வைத்துக்கொண்டால் மொத்த வரவு 56,000. வாடகை 8,500, மளிகை, பால், காய்கறி, சிலிண்டர் 16,000, பெட்ரோல், பஸ், போன், கரண்ட் பில் 5,500, சீட்டு, கசர் (ஏலத் தள்ளுபடியில் உங்கள் பங்கு) கழித்து 4,500, கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 4,300, நகை வட்டியை மாதக் கணக்கில் பிரித்தால் 4,800, பாலிசி பிரீமியம் அதே முறையில் 3,500. ஆக 47,100 போக மாதம் 8,900 மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் மிஞ்சவில்லை என்பதற்கான விடையும் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலேயே சிதறிக் கிடக்கிறது. ஜூனில் பள்ளிக் கட்டணம் 64,000. வண்டிக்கு இன்சூரன்சும் எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) 30,000, வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு மொய் 24,000, தீபாவளிக்கு 14,000. இவற்றின் கூட்டுத்தொகை 1,32,000, மாதத்திற்கு 11,000. எனவே ஒவ்வொரு மாதமும் 2,100 ரூபாய், ஆண்டுக்கு 25,200 ரூபாய் உங்களுக்குக் குறைகிறது. அந்தக் குறைதான் மூன்று ஆண்டுகளாகக் கார்டில் போய் உட்கார்ந்து வட்டியோடு வளர்ந்திருக்கிறது. நீங்கள் ஆடம்பரமாகச் செலவு செய்ததால் வந்த கடன் அல்ல அது. ஜூன் மாதம் வரும் என்று தெரிந்தும் ஜூலை முதலே அதற்கு எடுத்து வைக்காததால் வந்த கடன்.

கார்டுக் கடனின் உள்கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 86,000-க்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி 3,010. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 542. நீங்கள் கட்டும் 4,300-இல் 3,552 இப்படிப் போய்விட, அசலில் கழிவது 750 ரூபாய்கூட இல்லை. பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. கடையில் கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறேன் என்று நீங்கள் எழுதிய வரியில் ஒரு பெருமிதம் தெரிந்தது. அதைக் கெடுப்பதற்கு மன்னியுங்கள். அந்தத் தவறாமையால் பயனடைந்தது கார்டு நிறுவனம்தான்.

இனி நகை. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். 3,20,000-க்கு 18 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 57,600. மூன்று ஆண்டுகளில் 1,72,800. இந்த மூன்று ஆண்டுகளில் தங்கம் விற்ற விலையில் அது இரண்டு சவரனுக்கும் மேல். விற்கக் கூடாது என்று நீங்கள் கட்டிக் காத்த நகையில் இரண்டு சவரன் உங்கள் கையொப்பம் இல்லாமலே வட்டியாகப் போய்விட்டது. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதால் அது விற்கப்படாதது போல மனத்திற்குத் தோன்றுகிறது. அம்மாவின் நகை கண் முன்னால் போனது. உங்கள் நகை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மகளின் கழுத்தில் ஒருநாள் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடகில் இருக்கும் வரை அதைப் போட்டுப் பார்க்க முடியாது.

என் யோசனை, நான்கு சவரனை விற்று எட்டு சவரனை வீட்டிற்குக் கொண்டு வாருங்கள் என்பதே. வேறு ஒருவர் உங்களுக்கு அருகிலுள்ள பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ மாற்றி வைக்கச் சொல்லக்கூடும். அதுவும் தவறான வழியன்று, 10 சதவீதத்திற்குக் கிடைத்தால் ஆண்டுக்கு 25,600 மிச்சமாகும். ஆனால் அசல் அப்படியே நிற்கும். கணவருக்கு வண்டி ஓடாத இரண்டு மாதம் வந்தால் மறுபடியும் வட்டிக்கு வட்டி என்று போய் நிற்பீர்கள். உங்கள் நிலையில் கடனை மாற்றுவதை விட முடிப்பதையே நான் விரும்புகிறேன்.

அடகில் இருக்கும் நகையை விற்க வேண்டுமானால் முதலில் மீட்டாக வேண்டும். அதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். சீட்டு இருக்கிறது. அடுத்த ஏலத்தில் தள்ளி, அதாவது தள்ளுபடி கொடுத்து எடுங்கள். 40,000 தள்ளிப் போனால் கையில் 1,60,000 வரும். தள்ளி எடுப்பது நட்டம் என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். கடைசி மாதம் வரை காத்திருந்தால், நிறுவனக் கழிவு 5 சதவீதம் என்று வைத்தால் (சட்டப்படி அது 7 சதவீதம் வரை இருக்கலாம்), 26 மாதம் கழித்து 1,90,000 கிடைக்கும். இன்றைக்கு 1,60,000, அன்றைக்கு 1,90,000. இந்த இடைவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சதவீத வட்டிக்குச் சமம். தள்ளுபடி 50,000 வரை போனாலும் 12 சதவீதத்தைத் தாண்டாது. 18 சதவீத நகைக் கடனையும் 42 சதவீதக் கார்டுக் கடனையும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு இது மலிவான பணம். எடுத்த சீட்டுக்கு நிறுவனம் ஜாமீன் கேட்கும். சம்பளச் சான்று தரக்கூடிய உடன் பணிபுரிபவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மீதமுள்ள 26 தவணைகளும் ஏற்கெனவே உங்கள் மாதச் செலவில் இருப்பவைதான். புதிய சுமை எதுவும் இல்லை.

சீட்டுப் பணம் வந்ததும் முதலில் 1,40,000 ரசீதை மீட்டு, அதிலுள்ள 5 சவரனில் 4 சவரனை அதே வாரத்தில் விற்றுவிடுங்கள். விலை அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது; கையில் சவரனுக்கு 80,000 கிடைக்கும் என்று தாழ்வாகவே வைத்து 3,20,000 என்று கணக்கிட்டிருக்கிறேன். அதைக் கொண்டு 1,80,000 ரசீதையும் மீட்டு, கார்டுக்கு 86,000-ஐயும் ஒரே தவணையில் கட்டிவிட்டால், எல்லாம் போக உங்களிடம் 74,000 இருக்கும். அதுவரை ஏறிய நகை வட்டியை மட்டும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். அடகு நகையை மீட்டு உடனே பணம் தருகிறோம் என்று சுவரெங்கும் விளம்பரம் செய்பவர்களிடம் போக வேண்டாம். அவர்கள் கழிக்கும் தொகை பெரிது. இரண்டு மூன்று நகைக் கடைகளில் விசாரியுங்கள். கல், அரக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டு, எடையை உங்கள் கண் முன் போடச் சொல்லுங்கள். பணத்தை வங்கிக் கணக்கில் பெறுங்கள். விற்ற ஆதாயத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எந்த நான்கு சவரன் என்பதை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். அம்மாவின் கையில் பார்த்த வளையல் இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

பாக்கி தீர்ந்ததும் கார்டை எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். பாக்கி இல்லாத கார்டை ரத்து செய்யக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் செய்தாக வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிரெடிட் ஸ்கோர் சிறிது இறங்கலாம். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு நீங்கள் கடனே வாங்கப் போவதில்லை என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இதன் பிறகு மாதக் கணக்கு மாறும். கார்டுக்குப் போன 4,300-ம் நகை வட்டிக்குப் போன 4,800-ம் நின்றுவிட, 2,100 குறைந்துகொண்டிருந்த இடத்தில் 7,000 மிஞ்சும். சம்பளம் ஏறிய அன்றே 11,000-ஐத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கிற்கு மாற்றிவிடுங்கள். பள்ளிக் கட்டணம், வண்டி, மொய், தீபாவளி நான்கும் அதிலிருந்து மட்டுமே போக வேண்டும். அந்தக் கணக்கிற்கு ஏ.டி.எம். அட்டையே வாங்காதீர்கள். மீந்த 74,000, வண்டி ஓடாத மாதங்களுக்கான கையிருப்பு. அதை வங்கி வைப்புத் தொகையாகப் போடுங்கள். தந்தையின் அனுபவத்தால் உங்களுக்குள்ள ஐயம் நியாயமானது; வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்பதும், அன்றைய நிதி நிறுவனங்களுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை என்பதும் உங்கள் ஐயத்தைச் சற்றுத் தணிக்கலாம்.

காப்பீட்டில் உங்கள் குடும்பம் ஆபத்தான இடத்தில் நிற்கிறது. நாள் முழுதும் சாலையில் இருப்பவருக்கு 6 லட்சம் என்பது ஒன்றரை ஆண்டுச் செலவுக்குக்கூடப் போதாது. இந்த வாரமே அவருடைய வங்கிக் கிளையில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் விபத்துக் காப்பீடும் (பிரதமரின் சுரக்ஷா பீமா), 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடும் (ஜீவன் ஜோதி பீமா) எழுதச் சொல்லுங்கள். பின்னதில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகு 50 லட்சத்திற்குக் குறையாத டேர்ம் பாலிசி (முதிர்வுத் தொகை இல்லாத, உயிரிழப்புக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு) ஒன்று தேவை. அதற்கு வருமானச் சான்று கேட்பார்கள். அவர் இதுவரை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாதவர் என்பதால், வரி வராவிட்டாலும் இந்த ஆண்டு முதல் தாக்கல் செய்யட்டும். உங்கள் சம்பளம் 21,000-ஐத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிடையாது; அலுவலகத்தில் குழு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் குடும்பத்திற்கு ஒரு மருத்துவக் காப்பீடும் எடுங்கள். டேர்ம் பாலிசிக்கும் மருத்துவக் காப்பீட்டிற்கும் சேர்த்து மாதம் 4,000 ஒதுக்கியிருக்கிறேன்.

பழைய பாலிசிகளில் மூன்று ஆண்டில் முதிர்வது தொடரட்டும். இன்னும் 16 ஆண்டு கட்ட வேண்டியதற்கு மட்டும், இப்போது பெய்டு-அப் செய்தால் (பிரீமியத்தை நிறுத்திக் குறைந்த தொகையோடு பாலிசியைத் தொடர்ந்தால்) எவ்வளவு, சரண்டர் செய்தால் (பாலிசியை முடித்துப் பணத்தை வாங்கினால்) எவ்வளவு என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். வரி மிச்சமாகும் என்று சொல்லி முகவர் கொடுத்தாராம். உங்கள் இருவருக்குமே வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதபோது எந்த வரி மிச்சமாயிற்று என்று தெரியவில்லை. ஆனால் புதிய பாலிசி கைக்கு வரும் வரை பழையது எதையும் நிறுத்தக் கூடாது.

மகளுக்கு எட்டு வயது. செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பத்து வயது நிறைவதற்குள் தொடங்கியாக வேண்டும். தபால் நிலையத்தில் 250 ரூபாயில் இப்போதே தொடங்கிவிடுங்கள். ஆண்டுக்கு 250 கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். காப்பீட்டிற்குப் போக மிஞ்சும் 3,000-ஐ அடுத்த தை மாதம் முதல் அதில் போடலாம். எஸ்.ஐ.பி.க்கு அந்த 16 ஆண்டு பாலிசியிலிருந்து விடுபடக்கூடிய பணத்தைப் பார்ப்போம்.

கணவரிடம் சொல்வதைத்தான் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனெனில் சீட்டு எடுப்பதற்கு முன் அதைச் செய்தாக வேண்டும். மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள். நோட்டைத் திறந்து, பள்ளிக் கட்டணமும் எஃப்.சி.யும் மொய்யும் எழுதிய பக்கத்தை முதலில் காட்டி, இந்தக் குறைதான் கார்டில் ஏறியிருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் தம்பிக்குக் கார்டிலிருந்து கொடுத்த 40,000-ஐயும் மறைக்க வேண்டாம். அது திரும்பி வரும் என்று நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அவர் கோபப்படலாம். நாத்தனார் மகளின் சீருக்கு வாங்கிய 1,80,000-ம் அதே நோட்டில் அதே பக்கத்தில் இருப்பதை அவரும் பார்ப்பார். வண்டியின் தினசரி வரவு செலவை அவர் கையாலேயே நோட்டின் மறுபக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன், சீட்டு எவ்வளவு தள்ளிப் போனது என்பதையும் பாலிசிக் கிளை எழுதிக் கொடுத்த இரண்டு தொகைகளையும் எனக்கு எழுதுங்கள். அந்த போனஸை எங்கே வைப்பது என்பதை அவற்றைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.